சாகஸ் இரும்பாலை: மீட்டுக் கட்டப்பட்ட ஓர் உலைக்களம்

பழைய கட்டடம் ஒன்று அழியாமல் நம் காலம்வரை வந்து சேர்வது ஒரு வகை. அழிந்துபோனதை மண்ணைத் தோண்டி அறிந்து, அது நின்ற இடத்திலேயே மீண்டும் எழுப்புவது மற்றொரு வகை. முன்னதில் கட்டடமே தனக்குச் சாட்சி கூறுகிறது. பின்னதில், காலம் விட்டுச்சென்ற சில துண்டுகளைக் கொண்டு மனிதர் சாட்சி கூறுகின்றனர். ஆகவே, மீட்டுக் கட்டப்பட்ட இடம் ஒன்றைக் காணச் செல்பவர், 'இங்கே என்ன இருந்தது?' என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. 'இதுதான் இருந்தது என்று கூறுபவர் யார்? எதை ஆதாரமாகக் கொண்டு கூறுகிறார்? எதைக் கூறாமல் விடுகிறார்?' என்னும் வினாக்களையும் அவர் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

இந்த வினாக்களோடு நாம் காண வேண்டிய இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில் உள்ள சாகஸ் இரும்பாலை. கி.பி. 1646ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கி, கால் நூற்றாண்டு நிறையும் முன்பே அணைந்துபோன உலைக்களம் அது. 1948க்கும் 1954க்கும் இடையில் அகழ்ந்து அறியப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டது. 1968 முதல் அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணி வருகிறது.

ஆலை பிறந்த சூழல்

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து புதிய இங்கிலாந்துக்குக் குடியேறிய பியூரிட்டானியருக்கு மரம் மலிவாகவும் இரும்பு அரிதாகவும் இருந்தது. கோடரி, ஏர்க்கொழு, அரிவாள், கதவுக்கீல், ஆணி, சமையற்பானை என ஒவ்வொன்றும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 1640 வாக்கில் இங்கிலாந்தில் உள்நாட்டுக் குழப்பம் மூண்டதும் குடியேற்றம் குறைந்தது. கப்பல்களும் பணமும் அருகின. இரும்பைத் தாமே உருக்கிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இந்தத் தட்டுப்பாட்டின் நடுவே வலுப்பெற்றது.

அதற்கு முயன்றவர், மாசசூசெட்ஸ் ஆளுநரின் மகனும் இயற்கை அறிவியலில் நாட்டம் மிக்கவருமான இளைய ஜான் வின்த்ராப். அவர் 1641இல் இங்கிலாந்து சென்று முதலீட்டாளர்களைத் திரட்டி, தொழிலாளர்களுடனும் கருவிகளுடனும் 1643இல் திரும்பினார். குடியேற்ற நாட்டின் பொதுமன்றம் அவர்களது குழுமத்துக்கு 21 ஆண்டுகள் ஏகபோக உரிமையும் வரிவிலக்கும் அளித்தது. வின்த்ராப் பிரெயின்ட்ரீயில் கட்டிய முதல் உலை, போதிய நீரும் தாதுவும் கிடைக்காமையால் வெற்றி பெறவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரிச்சர்ட் லீடர், சாகஸ் ஆற்றங்கரையைத் தேர்ந்தார். ஹாமர்ஸ்மித் எனப் பெயர் பெற்ற புதிய ஆலை அங்கே எழுந்தது.

'அமெரிக்காவின் முதல் இரும்பாலை' என்று இதனைக் குறிப்பிடுவோர் உளர். அது முற்றிலும் சரியன்று. வர்ஜீனியாவில் ஃபாலிங் கிரீக் என்னுமிடத்தில் 1619 முதலே இரும்பாலை ஒன்று கட்டப்பட்டு வந்தது. 1622இல் பவ்ஹாட்டன் மக்களின் தாக்குதலில் அது அழிந்தது. தாதுவை உருக்குவது முதல் கம்பியாக வெட்டுவது வரை எல்லா வேலைகளையும் ஒரே வளாகத்தில் செய்து, பல ஆண்டுகள் நீடித்து இயங்கிய முதல் ஆலை என்பதே வட அமெரிக்க வரலாற்றில் சாகஸுக்கு உரிய சிறப்பு.

அந்த நிலம் ஆளற்றுக் கிடந்ததும் அன்று. 'சாகஸ்' என்னும் பெயரே அங்கு வாழ்ந்த அல்கான்கிய மொழி பேசும் மக்களுடையது. ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய்கள் 1616 முதல் 1619 வரையிலும், மீண்டும் 1633இலும் அவர்களுள் பெரும்பாலோரை மாய்த்தன. குடியேறியோர் கண்ட 'வெற்று நிலம்' அந்த மரணங்களால் வெறுமையானது என்பதை மறந்துவிடலாகாது.

உலையின் வேலை

வளாகத்தினுள் நடந்தால் முதலில் கண்ணை ஈர்ப்பது கல்லாலான ஊதுலை. 21 அடி உயரமுள்ள அது, மேட்டு நிலம் ஒன்றை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. மேட்டிலிருந்து உலையின் தலைவாய்க்கு ஒரு மரப்பாலம் செல்கிறது. உலையின் வயிற்றை நிரப்பத் தேவையான மூன்று பொருள்களும் அந்தப் பாலத்தின் வழியாகவே கூடை கூடையாகச் சென்றன.

முதலாவது, இரும்புத்தாது. இங்கே மலையைக் குடைந்து தாது எடுக்கவில்லை. சதுப்பு நிலங்களிலும் குளங்களின் அடியிலும் படிந்த தாதுவையே வெட்டி எடுத்தனர். நிலத்தடி நீரில் கரைந்து வரும் இரும்பு, காற்றுப்பட்டும் நுண்ணுயிர்களின் செயலாலும் துருவாகிப் படிந்து, காலப்போக்கில் செம்பழுப்புக் கட்டிகளாக இறுகுகிறது. இரண்டாவது, கரி. காட்டு மரங்களை வெட்டி, அடுக்கி, இலைதழையாலும் மண்ணாலும் மூடி, உள்ளே நெருப்பைப் புகையவிடும் கரிமூட்டம் நம் நாட்டாரும் அறிந்ததே. மூட்டத்தில் எங்கேனும் காற்று புகுந்தால் முழுவதும் சாம்பலாகிவிடும். எனவே கரிசுடுபவர் இரவு பகலாக அதனைக் காவல் காத்தார். மூன்றாவது, இளக்கி. தாதுவிலுள்ள மண்ணையும் மணலையும் பிரித்தெடுக்க, பொதுவாகச் சுண்ணாம்புக்கல் சேர்ப்பது வழக்கம். சாகஸில் அது கிடைக்கவில்லை. எனவே அருகிலுள்ள நஹான்ட் தீபகற்பத்திலிருந்து கேப்ரோ என்னும் கருநிறப் பாறையைப் படகில் கொண்டுவந்து பயன்படுத்தினர். பழக்கப்பட்ட பொருள் இல்லாத இடத்தில், கையில் கிடைத்ததைக் கொண்டு அதே வேதிவினையை நிகழ்த்திய அந்தக் கைத்தொழிலாளர்களின் அறிவு வியப்புக்குரியது.

நெருப்புக்குக் காற்றூட்ட இரண்டு பெருந்துருத்திகள் இருந்தன. அவற்றை அழுத்தியது மனிதக் கால் அன்று, நீர்ச்சக்கரம். அணையில் தேக்கிய நீர் வாய்க்கால் வழியாக வந்து சக்கரத்தைச் சுழற்ற, அதன் அச்சில் பதித்த கட்டைகள் துருத்திகளை மாறி மாறி அழுத்தின. எடை ஏற்றிய பெட்டிகள் அவற்றை மீண்டும் விரித்தன. ஒன்று மூச்சுவிடும்போது மற்றொன்று மூச்சை இழுக்கும். ஆதலால் காற்று அறாது, உலையும் அணையாது. ஒருமுறை மூட்டிய உலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இரவு பகலாக எரிந்தது.

உலையினுள் கரியிலிருந்து எழும் வாயு தாதுவின் உயிர்வளியைக் கவர்ந்துகொள்கிறது. எஞ்சும் இரும்பு கரியையும் ஓரளவு உட்கொள்கிறது. தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரி கலந்த இரும்போ ஏறத்தாழ 1,150 பாகையிலேயே நீராய் ஓடும். கனமான இரும்பு அடியில் தங்க, கசடு அதன்மேல் மிதக்கும். முதலில் கசடை வழித்தெடுத்து, பின்பு களிமண் அடைப்பை உடைத்தால், மணலில் வகுத்த பள்ளங்களில் இரும்பு பாய்ந்து பாளங்களாக உறையும். சிலவேளை அகப்பையால் முகந்து அச்சுகளில் ஊற்றிப் பானைகளும் வார்த்தனர்.

சம்மட்டியும் வெட்டாலையும்

வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் ஓங்கி அடித்தால் நொறுங்கிவிடும். கொல்லன் அதை வளைக்கவோ நீட்டவோ இயலாது. அதற்கு அதிலுள்ள கரியை நீக்க வேண்டும். உலையை அடுத்துள்ள பட்டறையில் அந்த வேலை நடந்தது. பாளங்களை மீண்டும் கரிநெருப்பிலிட்டு உருக்கி, மேலே காற்றைச் செலுத்தினால், கரி எரிந்து அகன்று இரும்பு குழம்பான பிண்டமாகத் திரளும். அதனை எடுத்துப் பெருஞ்சம்மட்டியின் கீழ் வைத்து, அடித்து அடித்துக் கசடைப் பிழிந்து, பட்டையாக நீட்டினர். அச்சம்மட்டியின் தலை மட்டும் 500 பவுண்டு எடையுள்ளது. அதனை உயர்த்தியதும் நீர்ச்சக்கரமே. மீட்டுக் கட்டப்பட்ட சக்கரங்கள் சுழலும் வேளையில் அங்கு நிற்பவர், ஓடும் நீரின் வலிமை இத்தகைய எடைகளைத் தூக்கவல்லது என்பதைக் கண்ணாரக் காண்கிறார்.

மூன்றாவது கட்டடம் உருட்டி வெட்டும் ஆலை. காய்ச்சிய பட்டையை இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்தித் தட்டையாக்கி, சுழலும் வெட்டுத் தகடுகளால் நீளக் கம்பிகளாகப் பிளந்தனர். அக்கம்பிகளை வாங்கிச் சென்ற குடியானவர்கள் தம் வீட்டிலேயே அவற்றைக் காய்ச்சித் துண்டித்து ஆணி அடித்துக்கொண்டனர். இத்தகைய இயந்திரம் அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே அரிது.

ஆலையின் அருகிலேயே ஜோசப் ஜெங்க்ஸ் என்னும் கைவினைஞர் தனிப் பட்டறை நடத்தினார். நீர்விசையால் இயங்கும் கருவிகளைக் கொண்டு அரிவாள் முதலியன செய்வதற்கு மாசசூசெட்ஸ் பொதுமன்றம் 1646இல் அவருக்குத் தனியுரிமை வழங்கியது. புல் அறுக்கும் நீள்அரிவாளின் மேம்பட்ட வடிவத்துக்காக 1655இல் மற்றோர் உரிமையும் பெற்றார்.

உழைத்தவர் யார்?

உலையைக் கண்டு வியந்த நாம், உலையருகே நின்றவரைப் பற்றியும் கேட்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட உலையாளர்களும் கொல்லர்களும் தம் தொழிலில் வல்லவர்கள். பியூரிட்டானியரின் கட்டுப்பாடான வாழ்வுக்கோ பழகாதவர்கள். குடிபோதை, வசைமொழி, ஞாயிறு வழிபாட்டுக்கு வராமை முதலிய குற்றங்களுக்காக அவர்கள் அடிக்கடி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். இதில் ஒரு விந்தை உண்டு. அவர்களை இழிவாகக் கருதிய நீதிமன்றங்களின் ஏடுகளே இன்று அவர்களது பெயர்களை நமக்குக் காத்து வைத்திருக்கின்றன. எழுதிவைக்கும் வாய்ப்பில்லாதவரின் வரலாறு பலவேளைகளில் அவரைக் குற்றஞ்சாட்டியவரின் கையெழுத்திலேயே எஞ்சுகிறது.

அவர்களைவிடத் துயரமான நிலையில் மற்றொரு கூட்டம் இருந்தது. 1650 செப்டம்பர் 3ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டன்பார் என்னுமிடத்தில் ஆலிவர் கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தது. சிறைப்பட்டவருள் ஆயிரக்கணக்கானோர் தெற்கே ஏறத்தாழ 100 மைல் நடத்தியே கொண்டு செல்லப்பட்டனர். வழியில் பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். டர்ஹாம் நகரைச் சேர்ந்தவர் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களை அந்நகரின் பேராலயத்திலும் கோட்டையிலும் அடைத்து வைத்தனர். அவர்களுள் சுமார் 1,700 பேர் அங்கேயே இறந்தனர் என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர்.

எஞ்சியோருள் 150 பேர் 'யூனிட்டி' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே அவர்களது உழைப்பு ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டது. ஏறத்தாழ 60 பேர் சாகஸ் இரும்பாலைக்கென ஒதுக்கப்பட்டனர். மரம் வெட்டுதல், கரி சுடுதல் முதலிய கடும் வேலைகள் அவர்கள்மேல் விழுந்தன. சிலர் பட்டறைகளில் தொழிலும் கற்றனர். அவர்களுக்கென வாங்கிய உடை, உணவு ஆகியவற்றின் செலவு ஆலையின் கணக்கேடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால், அவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்தது என்று நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் ஜான் காட்டன், 1651இல் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் நிரந்தர அடிமைகளாக விற்கப்படவில்லை என்றும், ஆறு, ஏழு அல்லது எட்டு ஆண்டுகளுக்கே பணிசெய்ய விற்கப்பட்டனர் என்றும் விளக்கமளித்தார். அவர் கூறியது உண்மையே, காலவரையறை இருந்தது. வாழ்நாள் முழுவதும், தம் பிள்ளைகளையும் சேர்த்து, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நிலையும் இவர்களுடைய நிலையும் ஒன்றல்ல. எனினும், வாள்முனையில் பிடிபட்டு, விருப்பம் கேட்கப்படாமல் கடல் கடத்தப்பட்டு, விலைக்குக் கைமாறிய ஒருவனை 'ஒப்பந்தப் பணியாள்' என்று மட்டும் அழைப்பது அந்நிலையின் கொடுமையை மறைக்கும் மென்சொல்லாகும். விடுதலை பெற்ற ஸ்காட்லாந்தியர் பலர் அந்நாட்டிலேயே குடும்பம் அமைத்து நிலைத்தனர். 1657இல் பாஸ்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்தியர் தம்மவருள் நலிந்தோருக்கு உதவ ஓர் அறக்கழகம் நிறுவினர். அது இன்றளவும் இயங்கி வருகிறது.

அணைந்த உலை

ஆலை திறமையில் தோற்கவில்லை, கணக்கில் தோற்றது. தேர்ந்த தொழிலாளரின் கூலி மிகுதி. வாங்குவோரிடம் நாணயம் இல்லை. பண்டமாற்றாகத் தானியமே வந்தது. பொதுமன்றம் இரும்பின் விலைக்கு உச்சவரம்பு விதித்ததோடு, உள்நாட்டுத் தேவை நிறைவேறிய பின்னரே ஏற்றுமதி செய்யலாம் என்றும் கட்டளையிட்டது. லண்டனில் இருந்த முதலீட்டாளர்களோ இலாபத்தை எதிர்பார்த்தனர். 1650இல் மேலாளராக வந்த ஜான் கிஃபர்டின் காலத்தில் கடன் பெருகி, வழக்குகள் தொடர்ந்தன. 1670ஐ ஒட்டி உலை அடியோடு அணைந்தது.

ஆயினும் உலை அணைந்ததோடு கலை அணையவில்லை. அங்கே தொழில் செய்தவர்களும் கற்றவர்களும் வேறு ஊர்களுக்குச் சென்று பட்டறைகள் அமைத்தனர். லெனார்ட் குடும்பத்தார் டான்டன் முதலிய இடங்களில் இரும்புத்தொழிலைப் பரப்பியது இதற்குச் சான்று. முதலீட்டாளரின் ஏட்டில் நட்டமாக முடிந்தது, ஒரு நாட்டின் தொழிலறிவில் வரவாக நின்றது.

மண்ணிலிருந்து மீண்ட கதை

கட்டடங்கள் சரிந்தன, கல்லை ஊரார் எடுத்துச் சென்றனர், மண் மூடியது. கசடுக் குவியல் மட்டும் புல் படர்ந்த மேடாய் எஞ்சியது. அருகில் ஒரு பழைய மரவீடும் நின்றது. அதனை இரும்பாலைத் தலைவரின் இல்லம் என்றே மக்கள் நெடுங்காலம் நம்பினர். 1915இல் வாலஸ் நட்டிங் என்பவர் அதனைச் சீர்ப்படுத்தினார். 1940களின் தொடக்கத்தில் அவ்வீட்டைப் பெயர்த்து மிச்சிகனுக்குக் கொண்டு செல்லும் பேச்சு எழுந்தபோது ஊரார் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பிலிருந்து 1943இல் பிறந்த சங்கமே பின்னர் இரும்பாலையையும் மீட்கும் பணியைத் தொடங்கியது. அமெரிக்க இரும்பு, உருக்குத் தொழிலதிபர்களின் அமைப்பு அதற்குப் பொருளுதவி அளித்தது.

அகழ்வுப்பணியை 1948இல் ஏற்றவர் ரோலண்ட் ராபின்ஸ். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத, தம் முயற்சியாலேயே அகழாய்வைக் கற்றுத் தேர்ந்தவர். வால்டன் குளக்கரையில் எழுத்தாளர் தோரோ வாழ்ந்த குடிலின் அடித்தளத்தை 1945இல் கண்டறிந்து புகழ் பெற்றவர். சாகஸில் அவர் உலையின் அடித்தளத்தையும், நீரூறிய சேற்றில் அழுகாமல் கிடந்த நீர்ச்சக்கரத்தின் ஒரு பகுதியையும், 500 பவுண்டுச் சம்மட்டித் தலையையும் வெளிக்கொணர்ந்தார். ஆயிரக்கணக்கான சிறுபொருள்களும் கிடைத்தன. கட்டட வடிவமைப்பை, முன்னர் வில்லியம்ஸ்பர்க் நகரை மீட்டுக் கட்டிய கலைஞர் குழு மேற்கொண்டது. பழைய ஆவணங்களை நீல் ஹார்ட்லி என்னும் வரலாற்றாசிரியர் ஆராய்ந்தார். பணி முடியுமுன்பே, 1953இல், கருத்து வேறுபாட்டால் ராபின்ஸ் விலகினார். 1954இல் மீட்டுக் கட்டிய ஆலை மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

கண்டதும் கருதியதும்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இங்கே நாம் காண்பவற்றுள் எவை மண் தந்தவை, எவை மனிதர் கருதிச் சேர்த்தவை? உலை நின்ற இடமும், அதன் அடித்தளமும், சக்கரக்குழியும், சம்மட்டியும், கசடும் மண் தந்தவை. சுவர்களின் உயரமும், கூரைகளின் சாய்வும், மரச்சட்டங்களின் இணைப்பும் ஆவணக் குறிப்புகளையும் பிற்காலத் தொழில்நுட்ப நூல்களின் படங்களையும் துணையாகக் கொண்டு கருதியவை. இது குறையன்று. அனுமானமின்றி எந்த மீட்டமைப்பும் இயலாது. ஆனால் அனுமானம் கல்லாலும் மரத்தாலும் உருப்பெற்றுவிட்டால், பார்ப்பவர் அதனை உறுதியென்றே கொள்வார். எழுத்தில் 'இவ்வாறு இருந்திருக்கலாம்' என்று எழுதலாம். கூரைக்கு அவ்வாறு சொல்லத் தெரியாது.

இதற்கு அந்தப் பழைய வீடே தக்க சான்று. ஊரார் போராடிக் காத்த அது, 1680களில், அதாவது உலை அணைந்த பின்னரே கட்டப்பட்டது என்று பிற்கால ஆய்வு தெளிவுபடுத்தியது. வளாகத்தில் பழமை மாறாமல் நிற்கும் ஒரே கட்டடம், ஆலை இயங்கிய காலத்தைச் சேர்ந்ததன்று. எனினும், அந்தப் பிழையான நம்பிக்கையே ஆலை முழுவதையும் மண்ணிலிருந்து மீட்கக் காரணமாயிற்று!

கருதிச் சேர்த்ததைவிடக் கவலைக்குரியது, கருதாமல் விட்டது. உருக்குத் தொழிலதிபர்களின் பொருளால் எழுந்த நினைவிடத்தில், துணிந்து முதலிட்டவரும் இயந்திரமும் நடுவிடம் பெற்றது இயல்பே. சிறைப்பட்டு விலையான ஸ்காட்லாந்தியர் எளிதாகக் கட்டிக்காட்டக்கூடிய பொருள் அல்லர். சக்கரத்தின் ஒரு பகுதியைக் கொண்டு முழுச் சக்கரத்தையும் வரைந்துவிடலாம்; கணக்கேட்டில் உள்ள ஒரு வரியைக் கொண்டு ஒரு மனித வாழ்வை மீட்டெழுப்ப முடியாது.

இங்கும் மண்ணே மீண்டும் பேசிற்று. 2013இல் டர்ஹாம் பேராலயத்தை அடுத்த கட்டட வேலையின்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவை டன்பாரில் சிறைப்பட்ட வீரர்களுடையவை என்று டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். குறைந்தது 17 பேர், மிகுதியாகக் கொண்டால் 29 பேர். பெரும்பாலோர் 13 முதல் 25 வயதுக்குட்பட்டோர். பற்களையும் எலும்புகளையும் ஆராய்ந்து, அவர்கள் வளர்ந்த நிலப்பகுதிகளையும் இளமையில் உற்ற பசியையும் பிணியையும் ஓரளவு அறிந்தனர். 2018 மே மாதம் அவர்கள் அந்நகரிலேயே முறையாக நல்லடக்கம் செய்யப்பட்டனர். சாகஸுக்கு வந்தவர்கள் இவர்களோடு நடந்தவர்கள். இவர்கள் இறந்த இடத்திலிருந்து உயிரோடு வெளியேறியவர்கள். அமெரிக்காவில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் இன்று தம் மூதாதையரைத் தேடிச் சாகஸுக்கும் டர்ஹாமுக்கும் செல்கின்றனர்.

ஆதலால், சாகஸைக் காணச் செல்வோர் சுழலும் சக்கரத்தைக் கண்டு மகிழட்டும். துருத்தியின் அமைப்பைக் கற்றுத் தெளியட்டும். அவை காணவும் கற்கவும் தக்கவையே. அதன்பின், திரும்பும் முன் ஆற்றோரமாய்ச் சென்று கசடு மேட்டின் அருகே சற்று நிற்கட்டும். அந்த மேட்டை எவரும் மீட்டுக் கட்டவில்லை, எக்கலைஞரும் வடிவமைக்கவில்லை. நீலமும் பச்சையும் கருமையும் விரவிய அந்தக் கண்ணாடித் துண்டுகள், உலையாளரின் கையாலும், பெயர் மறைந்த கரிசுடுவோரின் உழைப்பாலும் அங்கே வந்து விழுந்தவை. அந்த வளாகத்தில் அவர்களைப் பற்றிய முதற்சான்று அதுவே.